மேலகரத்தில் ஒரு பட்டை வண்டு

வியாழக்கிழமை காலை ஏழே காலுக்கு விருதுநகர் ஸ்டேஷனில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் எங்களை ஏற்றிவிட்டு, ரயில் நகரும் வரை என் கணவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கு இரண்டு ரூபாய் பத்து நயா பைசா டிக்கெட். மகள் கோமதிக்கு அரை டிக்கெட். அவளுக்கு நான்கு வயது முடிந்து மூன்று மாதம் ஆகிறது. கோடையில் அவள் கையிலும் முதுகிலும் வந்த சிரங்கு ஆடி பிறந்தும் ஆறவில்லை. "பத்து நாள் குற்றாலத் தண்ணியில நிறுத்து, எல்லாம் போயிரும்" என்று என் மாமியார் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் நான் கிளம்பிவிடுவேன். கிளம்பியது சரிதானா என்பதைத் திருத்தங்கல் தாண்டுவதற்குள் நான்கு முறை யோசித்திருப்பேன்.

தென்காசி விருதுநகரிலிருந்து எழுபத்தைந்து மைல் இருக்கும். பாசஞ்சர் வண்டிக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நம் ஊரைப் போலவே வறண்ட நிலம். அதன்பிறகு வலப்பக்கத்தில் மலை கூடவே வரத் தொடங்குகிறது.

ராஜபாளையம் தாண்டியதும் ஒரு பச்சை வெட்டுக்கிளி ஜன்னல் வழியாக வந்து கோமதியின் மடியில் உட்கார்ந்தது. அவள் பயப்படவில்லை. நான்தான் பயந்தேன்.

"அம்மா, இதுக்கு யாரு பச்சை அடிச்சா?"

"யாரும் அடிக்கல. இலையைத் தின்னுது, அதான் பச்சை."

"மாடும் புல்லுதான திங்குது? மாடு ஏன் பச்சையா இல்ல?"

எதிர்ப் பலகையில் நூல் சிப்பத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். கடையநல்லூர்க்காரர். அங்கே நான்கு தறி வைத்திருக்கிறாராம். ராஜபாளையத்தில் நூல் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்.

"கேட்டா பாருங்க ஒரு கேள்வி! தங்கச்சி, பதில் சொல்லுங்க பாப்பம்."

நான் யோசிப்பதற்குள் அவரே சொன்னார்: "நான் சாயத்துல கெடந்து பொழைக்கவன். இருக்கதுலயே பச்சைச் சாயம்தான் போக்கிரி. ஒரு வாரம் வெயில்ல போட்டா வெளுத்துரும். இந்தப் பய நாளெல்லாம் வெயில்லதான் கெடக்கான், வெளுக்கானா பாருங்க. எங்க ஊர்ல நூல நீட்டிப் பாவு போடுத எடத்துல காஞ்ச புல்லு கெடக்கும். அங்கன இதே சாதி மண்ணு நிறத்துல இருக்கும். காலு படுத வரைக்கும் கண்ணுக்கே தெரியாது. அதது பொழைக்கத் தெரிஞ்ச நிறம்."

அவர் சொன்னதும், எஸ்.எஸ்.எல்.சி.யில் படித்த பாடம் லேசாக நினைவுக்கு வந்தது. பூச்சிகளில் ஒளிந்துகொள்ள நிறம் பூண்டவை உண்டு. தன்னைக் காட்டிக்கொள்ள நிறம் பூண்டவையும் உண்டு. பச்சையும் மண் நிறமும் ஒளிகிற கட்சி. சிவப்பு, மஞ்சள், கறுப்புப் பட்டையெல்லாம் 'என்னைத் தின்றால் கெட்டாய்' என்று பறவைகளுக்குச் சொல்கிற கட்சி. பாடத்தை ஒரு சட்டமாக்கி அங்கேயே கோமதிக்குச் சொல்லிவிட்டேன்: "பளபளன்னு இருக்கிற பூச்சியைத் தொடக் கூடாது."

"அப்ப மயிலத் தொடப்படாதா?" என்றார் பெரியவர்.

கடையநல்லூரில் இறங்கும்போது சிப்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டே, "பிள்ளைய ரொம்பப் பயமுறுத்தாதீய" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினொன்றரை மணிக்குத் தென்காசி. வெயிலும் தூறலும் ஒரே நேரத்தில் இருந்தன. இந்தப் பக்கம் வராதவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சாரல் என்பது மழையில்லை, காற்றோடு கலந்து வரும் ஈரம். குடை பிடித்தாலும் நனையும், பிடிக்காவிட்டாலும் அதே அளவுதான் நனையும். கோயிலின் பிளந்து நிற்கும் மொட்டைக் கோபுரத்தைக் கடந்து, குற்றாலம் போகும் வழியில் இருக்கும் மேலகரத்துக்குக் குதிரை வண்டியில் போனோம். இரண்டு மைலுக்கு எட்டணா. கோமதியின் தலையில் என் முந்தானையைப் போட்டு மூடினேன். அவள் அதைத் தள்ளிவிட்டுக்கொண்டே வந்தாள்.

மேலகரத்தில் நாங்கள் தங்கியது லட்சுமி மதினி வீட்டில். என் கணவரின் பெரியம்மா மகனுக்கு வாழ்க்கைப்பட்டவர். வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கரில் வெண்டை போட்டிருக்கிறார்கள். பறித்துப் பாவூர்சத்திரம் சந்தைக்கு அனுப்புகிறார்கள். மதினிக்கு ஒரே மகள், செண்பகம். ஒன்பது வயது.

நாங்கள் கை கால் கழுவுவதற்குள் செண்பகம் ஒரு தகர டப்பாவைத் திறந்து கோமதியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். உள்ளே கருவேல இலையின்மேல் ஒரு பொன்வண்டு. அரக்குப் போட்டு மெருகேற்றியதுபோல அப்படி ஒரு பச்சை.

"தொடாதே!" என்று கத்திவிட்டேன்.

டப்பா கீழே விழுந்தது. செண்பகம் விழித்தாள். மதினி அடுக்களையிலிருந்து ஓடி வந்து பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துச் சிரித்தார்.

"ஏம்மா, பொன்வண்டு என்ன செய்யும் பாவம்? நாங்கள்லாம் வளத்துத்தான் பெரிய ஆளானோம். விருதுநகர்ல பொன்வண்டு கெடையாதோ?"

"பளபளன்னு இருக்கே மதினி, விஷமா இருக்குமோன்னு..."

"ஏட்டி செண்பகம், கேட்டியாட்டி? படிச்ச சித்தி சொல்லுதா. ஒன் பட்டுப் பாவாடையக்கூடத் தொடாத, விஷம்!"

செண்பகம் விழுந்து விழுந்து சிரித்தாள். சாயங்காலம் அவளே எங்களைக் கிணற்றடி எலுமிச்சைக்குக் கூட்டிப்போய், இலையின்மேல் கிடந்த காக்கை எச்சத்தை ஈர்க்குச்சியால் தொட்டாள். எச்சம் தலையைத் தூக்கி, சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டியது. அது ஒரு புழு. வண்ணத்துப்பூச்சியாகப் போகிறதாம். கோமதி கை தட்டினாள். எனக்கு என் சட்டத்தின்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. மின்னுகிறது, சாது. எச்சமாகக் கிடப்பது கொம்பு நீட்டுகிறது. இனிக் கத்துவதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த முடிவுதான் மறுநாள் கெடுத்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. அருவிக்குப் போகுமுன் எண்ணெய் தேய்ப்பது இங்கே வழக்கம். குற்றாலம் வருகிறவர்கள் எல்லோரும் உடம்பு மினுமினுக்கத்தான் அருவிக்குள் போகிறார்கள். மதினி நல்லெண்ணெயை வாணலியில் காய்ச்சிக்கொண்டிருந்தார். அதற்குள் கோமதி ஜட்டியோடு வெண்டைக்குள் ஓடிவிட்டாள். நான் பின்னால் போனேன். பத்தடி தூரத்தில், ஒரு மஞ்சள் வெண்டைப் பூவிலிருந்து அவள் ஒரு வண்டை எடுப்பதைப் பார்த்தேன். விரல் கணு நீளம். கறுப்பில் ஆரஞ்சுப் பட்டை, துணிக்கடையில் அளந்து அடித்ததுபோல. புத்தகத்தில் இருந்த படத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

வாய் வரை வந்துவிட்டது. கத்தவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பிக் கேட்டேன்: "மதினி, இந்தப் பட்டை வண்டு கடிக்குமா?"

"அதுவா? பூவத் திங்கிற சனியன். கடிக்காது. நசுக்கிப் போடச் சொல்லு, இங்கன ஒரு பூவ விட்டு வைக்கல."

மதினி சொன்னது பொய்யில்லை. அது கடிக்கவில்லை. நான் பக்கத்தில் போவதற்குள் கோமதி அதை உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டாள். அதன் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சளாக எண்ணெய்போல ஏதோ கசிந்தது. அவள் அருவருத்து, வண்டை உதறிவிட்டு, கையைக் கன்னத்தில் துடைத்தாள். பிறகு இடது கண்ணைக் கசக்கினாள். கொஞ்ச நேரத்தில் வீரிட்டு அழ ஆரம்பித்தாள்.

"எரிச்சலா இருக்கும். எண்ணெயத் தடவு, அடங்கிரும்" என்றார் மதினி. என் அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பார், என் மாமியாரும் அதைத்தான் சொல்லியிருப்பார். சூடு பட்டால் எண்ணெய், பூச்சி கடித்தால் எண்ணெய், பிள்ளை அழுதால் எண்ணெய். ஆறிக்கொண்டிருந்த நல்லெண்ணெயில் விரலை முக்கி, கன்னத்தில் தடவினேன். கன்னத்திலிருந்து நெற்றிக்கு, காதோரமாகக் கழுத்துக்கு, கடைசியில் மூடிய இமையின்மேல். அவள் அழுகை குறைந்தது. நல்லதைச் செய்துவிட்டதாக நினைத்தேன்.

அதே வேகத்தில் அருவிக்கும் போனோம். பேரருவியைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று வீட்டிலிருந்து நோட்டுப் புத்தகம் கொண்டு போயிருந்தேன். எழுத ஒன்றும் இல்லை. பெண்கள் பக்கத்தில் நூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள், தண்ணீர் முதுகில் கையால் அறைவதுபோல விழுந்தது, மங்குஸ்தான் பழம் நான்கு, எட்டணா என்றார்கள். நான் கோமதியின் இடது கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவந்திருந்தது. தண்ணீரால் இருக்கும் என்று ஒரு நிமிஷம் தோன்றும். இல்லை என்று அடுத்த நிமிஷம் தோன்றும்.

சாயங்காலம் விளக்கு ஏற்றும்போது தெரிந்தது. கன்னத்திலிருந்து நெற்றிக்கு ஒரு சிவப்புக் கோடு. காதோரமாகக் கழுத்துக்கு இன்னொன்று. விடிந்தபோது கோடுகள் நீர் கோத்துக் கொப்புளமாகியிருந்தன. என் விரல் போன வழியெல்லாம், விரலின் அகலத்துக்கு. வண்டின் நீர் கன்னத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுதான் பட்டிருக்கும். மற்றதெல்லாம் நான் போட்ட கோடு. இடது இமை வீங்கிக் கண் மூடிவிட்டது.

சனிக்கிழமை, காலை ஏழரை. குதிரை வண்டியில் தென்காசி. மதினியும் கூட வந்தார். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு லேடி டாக்டரின் டிஸ்பென்சரி. நாற்பது வயது இருக்கும், சுருக்கமாகப் பேசுகிறவர். கோமதியின் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி:

"கறுப்புல ஆரஞ்சுப் பட்டையா?"

"ஆமாம் டாக்டர்."

"மேல என்ன தடவுனீய?"

"எண்ணெய்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "எல்லாரும் இதைத்தான் செய்தீய. இந்த விஷம் தண்ணில லேசுல கரையாது, எண்ணெயில நல்லாக் கரையும். கன்னத்துல கெடந்ததை எண்ணெய் விட்டு ஊருக்கெல்லாம் பங்கு வச்சிட்டீய. சோப்புப் போட்டுக் கழுவியிருந்தா பாதிக்கு மேல போயிருக்கும். முன்னால ஆஸ்பத்திரியில இந்த வண்டைப் பொடிச்சுத்தான் பிளாஸ்திரி போடுவாங்க, கொப்புளம் எழுப்புததுக்கு. நீங்க காசில்லாம போட்டிருக்கீய."

மதினி சுவரைப் பிடித்துக்கொண்டார். "நான் தெனம் கையாலதான நசுக்குதேன். எனக்கு ஒண்ணும் செய்யலியே?"

"ஒங்க கையைக் காட்டுங்க. இது தோலா, செருப்பா? உள்ளங்கைல கொப்புளிக்காது. பிள்ளை முகம் அப்படியா?"

"நான் படிச்சிருக்கேன் டாக்டர்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, அழுகை வந்தது. "பளிச்சுன்னு இருக்கிறது விஷம்னு படிச்சிருக்கேன். ஆனா முந்தாநாள் பொன்வண்டைப் பாத்துக் கத்தி, எல்லாரும் சிரிச்சு..."

டாக்டர் பஞ்சை நனைத்துக்கொண்டே சொன்னார்: "படிச்சது சரிதான். பாதிதான் படிச்சிருக்கீய. மின்னுகிறதெல்லாம் விஷமில்ல. ஆனா விஷம் வச்சிருக்கது ஒளிய வேண்டியதில்ல. இது ஓடுதா, ஒளியுதா? நடுப் பூவுல உக்காந்திருக்கும். ஒரு காக்கா ஒரு தடவை கொத்தி வாய் வெந்துட்டா, சென்மத்துக்கும் இந்தச் சட்டையை மறக்காது. அதுக்குத்தான் இவ்வளவு எடுப்பான சட்டை. ஆனா நோட்டீஸ் காக்காய்க்குத்தான் போட்டிருக்கு. நம்ம பிள்ளைக்கு யாரு வாசிச்சுக் காட்டுதது?"

கண்ணை உப்புத் தண்ணீரால் கழுவினார். மூன்று பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மருந்து விட்டு, பஞ்சு வைத்துக் கட்டினார்.

"கண்ணு தெரியுமா டாக்டர்?"

"கருவிழியில பட்டிருக்கா, இமையோட நின்னுட்டான்னு இப்பம் சொல்ல முடியாது. வீக்கம் வடியட்டும். திங்கக்கிழமை கட்டைப் பிரிச்சுப் பாப்பம்."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எங்கும் போகவில்லை. ஐந்தருவி மூன்று மைலுக்குள்தான்; சொல்லக் கேட்டதோடு சரி. நாள் முழுவதும் சாரல் அடித்தது. மாமியாருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'நாங்கள் சௌக்கியம்' என்று எழுதிக் கிழித்தேன். 'கோமதிக்குக் கண்ணில்' என்று எழுதி அதையும் கிழித்தேன். கோமதி ஒற்றைக் கண்ணோடு செண்பகத்தின் மடியில் உட்கார்ந்து, அவளுடைய காது லோலாக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்கும் லோலாக்குக்கும் உள்ள தூரத்தைக் கை இரண்டு முறை தவறவிட்டது. ஒற்றைக் கண்ணால் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது தெரியாது.

மதியம் மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எண்ணெயத் தடவுன்னு நாந்தான சொன்னேன். அத்தைட்ட என் பேரச் சொல்லிரு. அவ என்னை வைவா, வஞ்சிட்டுப் போட்டும்."

"விரல் என்னோடது மதினி."

"விரலு ஒன்னோடது, வாயி என்னோடது. நானும் நேத்துலருந்து சிரிக்கதையே விட்டுட்டேன், பாத்தியா?"

அதற்கு நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், இரண்டு பேரும் உடனே நிறுத்திக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு டாக்டர் கட்டைப் பிரித்தார். வீக்கம் பாதிக்கு மேல் வடிந்திருந்தது. வெள்ளை விழி சிவப்பாகத்தான் இருந்தது. வலது கண்ணை மூடிவிட்டு எத்தனை விரல் என்று கேட்டார். கோமதி மூன்று என்றாள். மூன்றுதான். மதினி உடனே பெருமாளைக் கூப்பிட்டார். நான் யாரையும் கூப்பிடவில்லை. டாக்டர் சொன்ன அடுத்த வார்த்தைதான் என் காதில் நின்றது: "நல்லாத்தான் தெரியுது. இருந்தாலும் ரெண்டு வாரம் கவனிச்சுக்கிடுங்க. மங்கலாத் தெரியுது, நிறம் மாறித் தெரியுதுன்னு பிள்ளை சொன்னா மதுரையில பெரிய டாக்டர்ட்ட காட்டிருங்க." சிரங்கோடு அருவியில் நிறுத்த வேண்டாம், ஊருக்குப் போகலாம் என்றும் சொன்னார். ஃபீஸ் மூன்று ரூபாய்.

அப்போதிலிருந்து நான் அவளை விடவில்லை. இது என்ன நிறம்? செவலை. அது என்ன நிறம்? மஞ்சள். மதினி சேலை? ஊதா. அந்தத் தும்பி? சிவப்பு. செவ்வாய்க்கிழமை காலை ஸ்டேஷனுக்கு வரும் வழியில் வண்டிக்காரரே சலித்துப்போய், "அம்மா, பரீட்சை எப்பம் முடியும்?" என்று கேட்டார். "குதிரைக்கும் காதுல விழுது, அதுவும் பதில் சொல்லிறப் போவுது."

பத்து மணி வண்டிக்கு ஒன்பதே காலுக்கே தென்காசி பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். மலைமேல் மேகம் இறங்கியிருந்தாலும் பிளாட்பாரத்தில் வெயில் அடித்தது. எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் கொட்டகையின் மரத்தூண். அதில் துளை போடும் பெரிய கறுப்பு வண்டு ஒன்று சுற்றிச் சுற்றி வந்து, கோமதியின் தலை உயரத்தில் உட்கார்ந்தது.

"கோமதி, அந்த வண்டு என்ன நிறம்?"

பார்த்தாள். "நீலம்."

"சரியாப் பாத்துச் சொல்லும்மா."

"நீலந்தாம்மா."

அது கறுப்பு. கரியைப்போலக் கறுப்பு. அவளது வலது கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன். "இப்ப?" "நீலம்." இடது கண்ணை மூடினேன். "இப்ப?" "நீலம், கொஞ்சம் ஊதா." நல்ல கண்ணுக்கும் போய்விட்டதா? மதுரைக்கு நேரே போய்விடலாமா, டிக்கெட்டை மாற்றித் தருவார்களா, அவருக்குத் தந்தி கொடுப்பதா, இங்கேயே டாக்டரிடம் திரும்பி ஓடுவதா? எதை முதலில் செய்வது என்று தெரியாமல் எழுந்து நின்றேன்.

கோமதி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "இங்கன வந்து பாரேன்." ஐந்து நாளில் இந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிளாட்பாரத்தில் அவள் பக்கத்தில் முழங்கால் போட்டு, என் முகத்தை அவள் முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். காலை வெயில் வண்டின் முதுகில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. மடித்து வைத்த சிறகு நீலமாக இருந்தது. சிறகை லேசாக அசைத்தது. ஊதாவாகி, ஓரத்தில் பச்சையாகி, மறுபடி நீலமாயிற்று. தலையைத் தூக்கினேன், கறுப்பு. குனிந்தேன், நீலம்.

படித்ததில் மறந்துபோன மீதிப் பாதி அப்போதுதான் வந்தது. எல்லா நிறமும் சாயம் இல்லை. ஈரத் தரையில் சிந்திய மண்ணெண்ணெயிலும் சோப்பு நுரையிலும் தெரிகிற நிறத்துக்குச் சாயம் கிடையாது. மெல்லிய ஏடு ஏடாக இருப்பதில் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறபோது, எங்கே நின்று பார்க்கிறோமோ அதற்குத் தகுந்த நிறம். இந்த வண்டு நீலம் என்பது, அதைவிட உயரமாக நிற்காதவர்களுக்கு.

"தெரியுதா?" என்றாள் கோமதி.

"தெரியுது."

"என்ன நிறம்? சொல்லு."

சொன்னேன். அவள் என் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடிவிட்டு, "இப்ப?" என்று கேட்டாள். பிறகு இடது கண்ணை. இரண்டு முறையும் சரியாகச் சொன்னேன். கைகாட்டி இறங்கி, விருதுநகர், மதுரைப் பக்கம் போகிறவர்கள் மூட்டையைத் தூக்கத் தொடங்கிய பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

விருதுநகரில் எங்கள் வீட்டு உத்தரத்திலும் இதே வண்டுதான் துளை போட்டுக்கொண்டிருக்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஐந்து வருஷமாக விளக்குமாற்றால் அதை விரட்டுகிறேன். அது கறுப்பு என்றே நினைத்திருந்தேன்.